மலிவு மைக்கின் அடைத்த தொண்டை

கேள்வி: மலேசியாவின் கெர்லிங் பக்கத் தோட்டக் கோயில்களில் புழங்கும் மலிவு விலை டைனமிக் மைக்குகளின் ஒலியைத் திருத்த முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். டைனமிக் மைக்கில் மெல்லிய சவ்வும் அதில் ஒட்டிய கம்பிச்சுருளும் காந்தப்புலத்தில் அதிர்ந்து மின்சாரத்தை உண்டாக்குகின்றன. முதலில் வலைத்தலையைக் கழற்றி, எச்சிலும் ஈரமும் ஊறிய பஞ்சை மாற்ற வேண்டும், ஒலியின் மந்தம் குறையும். கரகரக்கும் சுவிட்சை நீக்கிவிட்டு நேராகக் கம்பி இணைக்கலாம். நீண்ட கம்பியில் இரைச்சல் வந்தால் மூன்று முனை பேலன்ஸ்டு இணைப்பே மருந்து. சவ்வும் சுருளும் அடங்கிய கேப்சூலின் பின்துளைகளை அடைக்கவே கூடாது. அடைத்தால் மைக் நாலாபக்கமும் கேட்கும், ஸ்பீக்கர் ஊளையிடும். 1965இல் வந்த ஷூர் எஸ்எம்57 மைக்கில் டிரான்ஸ்ஃபார்மரை எடுப்போரும் உண்டு. அப்படி எடுத்தால் ஒலியளவு குறைந்துவிடும். வேலை செய்யும்போது இரும்புத் திருப்புளியைக் காந்தம் இழுத்தால் சவ்வு கிழியலாம். கை நிதானம் வேண்டும்.