மஞ்சள் பொட்டு வைத்தது யார்?

மலாக்காவின் ஜாசின் பக்கம் காரில் கறை விழுந்தால், துடைக்கத் துணி தேடுவதற்கு முன் ஆளைத்தான் தேடுவார்கள். ஒரு சாயங்காலம் எங்கள் வெள்ளை மைவியின் முன்பக்கம் முழுக்கக் கடுகு மஞ்சளில் பொட்டுப் பொட்டாக இருந்தது. சில பொட்டுகளுக்கு வால் வேறு.

பெரியம்மா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “மஞ்சத் தண்ணி தெளிச்சிருக்காங்கடா. நல்லா இருக்கிறது பொறுக்கல.”

ஒன்பது வருடக் கடனில் ஓடும் மைவியைப் பார்த்துப் பொறாமைப்பட ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டைக் கண்ணால் காட்டினார். அந்த அண்ணன் காரிலும் அதே பொட்டு இருக்கிறதே என்றேன். “சந்தேகம் வரக்கூடாதுன்னு தன் காருக்கும் தெளிச்சிக்கிட்டான்.” போலீசில் சேர்ந்திருக்க வேண்டியவர், தோட்டத்தில் பால் வெட்டப் போய்விட்டார்.

இத்தனைக்கும் கறை விஷயத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. ரப்பர் பால் காரில் தெறித்தால் ஈரத்தோடு துடைக்கக் கூடாது, இழுவிக்கொண்டே போகும். காய விட வேண்டும். வெள்ளை மாறிக் கண்ணாடிபோல் ஆனதும் ஓரத்தை நகத்தால் நெம்பி விரலால் உருட்டினால், வெயிலில் உரிந்த தோலாட்டம் முழுசாக வந்துவிடும். வெட்டுக் கோட்டில் ஒட்டுப்பால் உரித்த விரல்களுக்கு இதெல்லாம் வேலையே இல்லை. வாரக் கணக்கில் விட்டால் பழுப்பேறிப் பிசுபிசுக்கும், அப்புறம் தொல்லைதான்.

இப்போது மரமெல்லாம் செம்பனை. குலை ஏற்றிப் போகும் லோரிக்குப் பின்னால் ஓட்டினால் சேறும் எண்ணெயுமாகக் காரில் தெறிக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு போதும். தார் என்றால் மண்ணெண்ணெய் தொட்ட துணி, உடனே சோப்புத் தண்ணீர். பொல்லாதது மைனா எச்சம்தான். அதில் யூரிக் அமிலம். மேல்பூச்சின் கனமே ஏறக்குறைய 40, 50 மைக்ரான், தலைமுடியை விட மெல்லிசு. மலாக்கா வெயிலில் அது இளகிக் கிடக்கும்போது எச்சம் காய்ந்து இறுகினால், துடைத்த பிறகும் தடம் நிற்கும்.

சாமி போடும் கறையும் உண்டு. 1781 முதல் மலாக்கா நகரத்தில் வீற்றிருக்கும் பொய்யாத விநாயகர் கோயில் பக்கம் கார் நிறுத்த இடம் கிடைத்தால் அதுவே முதல் அருள். பூஜை முடிந்து குங்குமம் வைத்த காரில் மழை பெய்தால், விபத்தில் சிக்கிய வண்டி என்று நினைத்து ரோட்டில் போகிறவர்கள் வழி விடுவார்கள்.

ஆனால் இந்த மஞ்சள் எதிலும் சேரவில்லை. கார் கழுவும் கடைப் பையன் உற்றுப் பார்த்து, “மரப்பிசின் அண்ணே, கோட்டிங் அடிச்சிடுங்க” என்றான். எந்தக் கறைக்கும் அவனிடம் அதே மருந்துதான். சுற்றுவட்டத்தில் பிசின் விடும் மரமே இல்லை.

உண்மையில் அது மலைத்தேனீயின் எச்சம். இந்த மஞ்சள் ஒரு காலத்தில் இரண்டு வல்லரசுகளையே மோத விட்டது. 1981 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹேக், லாவோசிலும் கம்போடியாவிலும் சோவியத் கூட்டாளிகள் பூஞ்சை விஷம் தூவுவதாகக் குற்றம் சாட்டினார். ‘மஞ்சள் மழை’ என்று பேர். போரில் அடிபட்டு ஓடிவந்த மக்களின் துயரம் பொய்யில்லை. ஆனால் சாட்சியாக வந்த இலைகளின் மஞ்சள் பொட்டில், சத்தெல்லாம் செரித்துப்போன மகரந்தக் கூடுகள் இருந்தன. ஹார்வர்டின் மேத்யூ மெசல்சன் தேனீ என்றார். 1984இல் தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலியோடு தாய்லாந்துக்குக் கூடு தேடிப் போனார். மழை அவர்கள் மேலேயே பெய்தது! நம் மலேசிய ஆய்வாளர் மக்சீர் மர்டானும் கனடாவின் பீட்டர் கெவனும் 1989இல் ‘நேச்சர்’ இதழில் காரணம் எழுதினார்கள். சூடேறும் நேரத்தில் கூட்டமாகப் பறந்து வயிற்றைக் காலி செய்தால் தேனீயின் உடம்பு குளிர்கிறது, அந்தக் குளிர்ச்சி கூட்டில் இருக்கும் புழுக்களைக் காக்கிறது.

அதாவது மைவி மேல் விழுந்தது ஏர்கோன் தண்ணீர். வாஷிங்டனுக்கு ரஷ்யாக்காரன் மேல் சந்தேகம், பெரியம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மேல். அண்ணாந்து பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. இவ்வளவும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “சரி, அந்தத் தேனீயை அனுப்புனது யாரு?”

மகரந்தத்தின் மேலோடு லேசில் அழியாது. வறட்டுத் துணியால் தேய்த்தால் பெயிண்டில் கீறல் விழும். ஈரத் துணியைப் போட்டு ஊற வையுங்கள், பிறகு ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். கூடு உயரமான மரத்தில் ஒதுங்கியிருந்தால் கொளுத்தப் போகாதீர்கள். பருவம் மாறினால் தானே இடம் மாறிவிடும். வீட்டை ஒட்டி இருந்தால் பொதுத் தற்காப்புப் படையைக் கூப்பிடுங்கள். அதுவரை காரை வேறு இடத்தில் நிறுத்துங்கள்.