ஆறு மணி ஆனை

பெரியப்பாவுக்கு வயது 76, அவருடைய மாருதி 800-க்கு 27. இரண்டுக்கும் பேப்பர் சரியாக இருக்கிறது. எங்கள் குடும்பத்தின் கஷ்டமே அதுதான்.

1998-இல் எடுத்த வண்டி. பதினைந்து வருஷம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பித்தார், அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. இப்போது 2028 வரை கவலையில்லை. லைசென்ஸும் அப்படித்தான். டாக்டர் சர்டிபிகேட்டுக்குப் போனபோது, எழுத்து அட்டையை டாக்டர் சுட்டிக்காட்டுவதற்குள் கடகடவென்று ஒப்பித்துவிட்டார். முன்னால் போன ஆள் படித்ததைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தாராம். 800 தயாரிப்பதையே 2014-இல் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தோம். "நான் நிறுத்தச் சொல்லலையே" என்றார்.

இந்த ரகப் பெரியப்பாக்கள் தேவர்சோலைப் பக்கம் எஸ்டேட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். குரங்குக் குல்லா, கையில்லாத ஸ்வெட்டர், சட்டைப் பையில் டயர் பிரஷர் பார்க்கிற கேஜ். எங்களவர் ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தவர். புளிக்கிற இலையின் வாசனையை வைத்தே எப்போது டிரையருக்குத் தள்ளலாம் என்று சொன்ன மூக்கு, ரிட்டயர் ஆன பிறகு ரோட்டுக்கு வேலை பார்க்கிறது. நடுவட்டத்திலிருந்து கூடலூருக்கு இறங்கும்போது ஜன்னலை ஒரு விரக்கடை இறக்கி மோந்து பார்ப்பார். "முன்னாடி போறவன் லைனர் கருகுது. ரெண்டாவது கியர்ல இறங்காம பிரேக்கையே மிதிச்சுக்கிட்டுப் போறான்." அடுத்த வளைவில் அந்த வண்டி புகையோடு ஓரம் கட்டி நிற்கும். அதன் பிறகு அவரிடம் என்னத்தைப் புத்தி சொல்வது?

ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது மலைச் சட்டம். இறங்கும்போது அதை அவர் அட்சரம் பிசகாமல் மதிப்பார். ஏறும்போது மற்றவர்களை மதிக்க வைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிரே வந்த கார்கள் அத்தனையும் ரிவர்ஸில் போனதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்க அவருக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் பின்னால் பார்க்க, ஒருவர் கோழியை விரட்ட, இன்னொருவர் கட்டை வைக்க.

கட்டை என்றால் சில்வர் ஓக் மரத்தில் செதுக்கிய முக்கோண முட்டு. ஒரு முனை டயர் பட்டுத் தேய்ந்து மழுங்கிப் பளபளவென்றிருக்கும். வண்டி நின்றதும் முன் சீட்டில் இருப்பவர் குதித்து அதைச் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டும். "ஹேண்ட் பிரேக்கை நம்பி டவுன்காரன் நிறுத்துவான்" என்பார்.

இப்படிப்பட்டவர் திடீரென்று புது வண்டி வாங்கப் போவதாக அறிவித்ததும் குடும்ப வாட்ஸ்அப் கொதித்தது. இனிமேல் ஓட்டவே கூடாது என்றது ஒரு கட்சி. ஆட்டோமேட்டிக்காக, ஆறு ஏர்பேக்கோடு வாங்கட்டும் என்றது மறு கட்சி. இரண்டு கட்சியிலும் மலையில் வண்டி ஓட்டியவர் ஒருவருமில்லை. கோயம்புத்தூரிலிருந்து நேரில் பேச வந்த அக்காவுக்கு வாசலிலேயே பதில் கிடைத்தது. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டி நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும், டி.என். 43-க்கு வேண்டாம். "கோர்ட்டே எனக்குப் பாஸ் வேண்டாம்னு விட்டுடுச்சு. பாஸ் வாங்கி ஊருக்குள்ள வந்தவங்க என்னைக் கேள்வி கேக்கறீங்களா?"

கடைசியில் தூது போனவன் நான். கோயம்புத்தூர் ஷோரூமில் அந்தப் பையன் தொடுதிரையைக் காட்டக் காட்ட, பெரியப்பா ஸ்டெப்னியைத் தேடிக்கொண்டிருந்தார். மேட்டில் வண்டி பின்னால் உருளாதபடி அதுவே பிடித்துக்கொள்ளும் என்றான் பையன். "எவ்வளவு நேரம்?" "ரெண்டு செகண்ட் சார்." பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையில் கட்டை தெரிந்தது.

திரும்பும்போது ஊட்டியிலேயே இருட்டிவிட்டது. சாவியை என்னிடம் நீட்டினார். "ஆறு மணிக்கு மேல ஆனை."

இது எங்களுக்குப் பழகிய விதி. தேவர்சோலையில் ஆனை பொய்யில்லை. பலா பழுத்தால் வாசல் வரைக்கும் வரும். அதனால் யாரும் மறுத்துப் பேசியதில்லை. ஆனால் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் ஏது ஆனை?

நடுவட்டம் தாண்டி எதிரே ஹெட்லைட் வந்தபோதெல்லாம் கையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"கண்ணு கூசுதா பெரியப்பா?"

"மத்தாப்பு மாதிரி செதறுதுடா."

"எத்தனை நாளா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ரெண்டு வருஷமா ஆனை ஜாஸ்திதான்."

எட்டுப் பேர் குழு கூடியும் முடியாத காரியத்தை மனிதர் யாருக்கும் சொல்லாமல் தானே செய்து, பழியை மட்டும் ஆனை மேல் போட்டிருக்கிறார். நான் குழுவில் எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் மறுநாளே ராத்திரியில் வண்டி எடுத்திருப்பார்.

"பனிமூட்டத்துலயும் ஆனை வரும்ல பெரியப்பா?"

யோசித்தார். "வரும்."

"மழையில?"

"பெருமழைன்னா வரும்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கண் புரை ஆபரேஷன் அடுத்த மாதமே முடிந்தது. "வண்டி பார்க்கத்தான் கோயம்புத்தூர் போறேன்" என்றுதான் பெரியம்மாவிடமே சொல்லியிருந்தார். புது வண்டியும் வந்தது, கியர் போடுகிற வண்டிதான். முதல் ஓட்டத்துக்கு என்னை முன் சீட்டில் உட்கார வைத்தார். வீட்டு மேட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரும் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னடா பாக்குற? எறங்கிக் கட்டையை வை."