அலமாரிக்குள் வினிகர்

கே: தாத்தா சேர்த்த சங்கு, சோழி எல்லாவற்றையும் மர அலமாரியில் பூட்டிவைத்திருக்கிறேன். மேலே வெள்ளையாகப் பூக்கிறது. துடைத்தால் சில மாதத்தில் மறுபடி வருகிறது. பூஞ்சையா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, நாசரேத்)

ப: பூஞ்சை இல்லை டீச்சர், அலமாரிதான்! மரம் அறுபட்டுப் பல வருஷம் ஆனாலும் அசிட்டிக் அமில ஆவியைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். வினிகரில் இருக்கும் அதே அமிலம். பிளைவுட் என்றால் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடும் வரும். அது ஃபார்மிக் அமிலமாக மாறும். சங்கு சுண்ணாம்புச் சத்தாலானது. அமிலமும் கடற்கரை ஈரமும் சேர்ந்து அதை அரிக்க, மேலே உப்பாகப் பூக்கிறது. இங்கிலாந்தில் பைன் என்பவர் 1899-இல் இதைப் பற்றி எழுதியதால் 'பைன் நோய்' என்று பெயர். கிருமிக்கும் இதில் பங்குண்டு என்று அவர் நம்பினார். பாவம், கிருமி நிரபராதி. நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்து, நன்றாக உலர்த்தி, ஸ்டீல் பீரோவுக்கு மாற்றுங்கள். போன பளபளப்பு திரும்பாது. மிச்சம் தப்பிக்கும்.

கே: முத்துக்கும் இந்தக் கதிதானா?
(தூத்துக்குடி)

ப: அதேதான். சிப்பியும் சுண்ணாம்பு, முத்தும் சுண்ணாம்பு. அமிலம் விலை கேட்டுக் கடிப்பதில்லை.

கே: எந்தப் பலகை நல்லது என்று அருங்காட்சியகத்தார் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
(சாத்தான்குளம்)

ப: பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளையை விசாரிப்பது மாதிரி. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஆடி (Oddy) என்பவர் 1973-இல் ஒரு சோதனை சொன்னார். பலகைத் துண்டோடு வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளைக் கொஞ்சம் தண்ணீர் வைத்த குப்பியில் அடைத்து, 60 டிகிரி சூட்டில் 28 நாள் விடுவார்கள். தகடு கறுத்தாலோ வெளுத்தாலோ சம்பந்தம் வேண்டாம். ஓக் மரம் பெரும்பாலும் தோற்றுவிடும். ஐரோப்பாவின் பழைய காட்சி அலமாரிகளில் ஏராளமானவை ஓக்!

கே: ஆதிச்சநல்லூர் வெண்கலங்கள் சென்னைக்குப் போனது நல்லதற்கா, கெட்டதற்கா?
(ஸ்ரீவைகுண்டம்)

ப: உங்கள் ஆதங்கம் புரிகிறது. வெண்கலத்துக்கு மண்ணிலிருந்து ஒட்டிவந்த குளோரைடே வினை. ஈரக்காற்று பட்டால் பச்சைப் பொடியாக உதிரும். அதைத் தடுக்க எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இலேயே வேதியியல் கூடம் வந்தது. பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்பகுப்பு முறையில் வெண்கலங்களைச் சுத்தம் செய்தார். அகழ்ந்தெடுத்த இடத்திலேயே 2023-இல் காட்சிக்கூடம் திறந்தாயிற்று. தாமிரபரணி ஈரத்தை அங்கே யார் கண்காணிக்கிறார்கள் என்று போய்க் கேளுங்கள்.

கே: எங்கள் கோயிலின் வெள்ளிக் கிண்ணத்தைக் கம்பளித் துணியில் பொதிந்துதான் வைக்கிறோம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கறுத்துவிடுகிறது.
(நாசரேத்)

ப: பொதிந்ததால்தான்! கம்பளி ஆட்டு மயிர். அதில் கந்தகம் உண்டு. சாயம் போடாத, துவைத்த பருத்தித் துணிக்கு மாறுங்கள்.

கே: ஏசி போட்டால் இந்தச் சிக்கலெல்லாம் தீராதா?
(சென்னை)

ப: பகலில் ஓட்டி ராத்திரி நிறுத்தும் ஏசி, ஈரத்தை ஏற்றி இறக்கி இன்னும் கெடுக்கும். தெருப் புகையைப் பிடிக்கக் கரி வடிகட்டி வேண்டும். கண்ணாடிப் பெட்டியே கசியவிடும் ஆவியை ஏசி எட்டிக்கூடப் பார்க்காது. அதற்குப் பெட்டிக்குள்ளேயே ஒரு பொட்டலம் கரி. கரண்ட் பில்லும் இல்லை.