"இது நம்ம வீட்டுல இருந்துச்சே!"

அருங்காட்சியகத்துக்குப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்கிறவர்கள் உண்டு. அந்தக் கண்ணாடியில் தலை வாரிக்கொள்கிறவர்களும் உண்டு. எங்கள் திருப்புட்குழிப் பெரியப்பா மூன்றாவது ரகம். எதைப் பார்த்தாலும் "இது நம்ம வீட்டுல இருந்துச்சே" என்பார். ஊருக்கு நாலு பேராவது இப்படி இருப்பார்கள். எங்களுக்கு வாய்த்தது இவர்.

பாலுசெட்டி சத்திரத்தில் பஸ் பிடித்து வேலூர்க் கோட்டைக்குப் போனோம். அகழியை ஒரு பார்வை பார்த்தார். "நம்ம ஜடாயு தீர்த்தந்தான். கொஞ்சம் நீளமா இழுத்து விட்டிருக்கான்." கோட்டை 133 ஏக்கர் என்றேன். காதில் வாங்கவில்லை.

உள்ளே அரசு அருங்காட்சியகத்தில் நடுகல் முன்னால் நின்றார். "டேய், இதே மாதிரி ஒண்ணு நம்ம கொல்லையில கெடந்துது. உங்க பெரியம்மா அதுலதான் துணி துவைப்பா." யார் பெற்ற பிள்ளையோ, சண்டையில் செத்தும் நிம்மதியில்லை, முப்பது வருஷம் பெரியம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறான்.

பழங்காசுகள்? "அண்டா நிறைய வெச்சிருந்தோம். அண்டாவோட எவர்சில்வர்க்காரனுக்குப் போட்டாச்சு. நாலு டிபன் கேரியர் கொடுத்தான்."

கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1832இல் கண்ணை மூடும்வரை இந்தக் கோட்டையில்தான் சிறை இருந்தார். அவருடைய தந்தச் சதுரங்கக் காய்கள் பெட்டிக்குள் இருக்கின்றன. பெரியப்பா பேச்சில்லாமல் நின்றார். தந்தம் நம் வீட்டில் ஏது என்று நான் மூச்சு விடுவதற்குள், "எங்க தாத்தா தாயக்கட்டை இதைவிடக் கனம்" என்றார்.

"எங்கே பெரியப்பா அது?"

"ஒண்ணு சாக்கடையில விழுந்துது. ஒத்தைக் கட்டைய வெச்சிக்கிட்டு என்ன பண்றதுன்னு இன்னொண்ணையும் போட்டுட்டேன்."

1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் வெள்ளைக்காரனை எதிர்த்துக் கிளம்பியதும் இதே கோட்டையில்தான் என்று சொன்னேன். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, புதுமாதிரித் தலைப்பாகைதான் வைக்கவேண்டும் என்று உத்தரவு. பெரியப்பாவின் கை தானாகத் திருமண்ணுக்குப் போனது.

"நெத்தியத் தொடைன்னா எவன் சும்மா இருப்பான்? இது எப்ப நடந்துதுன்னே?"

"1806."

"அடடே, கிட்டத்துலதான்!"

ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த ஊர்க்காரருக்கு 1806 முந்தாநாள்தானே.

திரும்பும்போது பஸ்ஸில் பெருமூச்சு விட்டார். "எல்லாம் வெச்சிருக்கான். ஒரு தறி கண்ணுல படலியேடா."

"நம்ம வீட்டுக் குழித்தறி என்ன ஆச்சு பெரியப்பா?"

"உங்க அக்கா கல்யாணத்துக்கு அதை வெட்டித்தானே சாம்பார் வெச்சோம். நல்ல மரம். திகுதிகுன்னு எரிஞ்சுது."

இவரைக் கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க: அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் பெரியப்பா வீட்டில் சும்மாதான் இருக்கிறார்.