அரிவாள்ல செம்பு ஏறுனா

வா பேராண்டி, உக்காரு. எலும்புக்குள்ள வைக்கிற டைட்டானியத்துக்குச் செம்புப் பூச்சு பூசுறியாமே. தெரு முழுக்க உங்கம்மா சொல்லி முடிச்சுட்டா. கிருமி தொட்டாச் செத்துருமாம், மாநாட்டுக்குப் போகக் கோட்டும் தைக்கக் குடுத்தாச்சாம். சந்தோசம். போறதுக்கு முன்னாடி திராட்சைத் தோட்டத்துக்காரன் சொல்றதையும் காதுல போட்டுக்க. காசு கேக்க மாட்டேன்.

செம்பு எனக்கும் பழக்கந்தான். பிரான்சுல போர்டோ பக்கம், வழிப்போக்கன் பழத்தைப் பிச்சுத் திங்கக் கூடாதுன்னு ரோட்டோரக் கொடியில மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிச்சு வச்சிருந்தானுக. திருடன் வரலை, கூடவே அடிச்சாம்பல் நோயும் வரலை. மில்லார்டேன்னு ஒரு வாத்தியார் அதைக் கவனிச்சு 1885-ல ஊரறியச் சொன்னாரு. நம்ம கம்பம் பள்ளத்தாக்குலயும் அடிக்கிறது அந்தப் போர்டோ கலவைதான்.

நூறு லிட்டர் தண்ணிக்கு ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. கலக்கி முடிச்சதும் தீட்டுன அரிவாளை முக்கி ஒரு நிமிசம் வச்சு எடுப்போம். அலகுல செவசெவன்னு படிஞ்சிருந்தா துத்தம் இன்னும் அடங்கலைன்னு அர்த்தம். அப்படியே அடிச்சா இலை கருகிரும், இன்னொரு கை சுண்ணாம்பு போடணும். பாத்துக்க, உன் மெசின் இல்லாமலே இரும்புமேல செம்பு ஏத்துனவன் நான். என்ன, அது ஏறுனா எனக்கு வேலை கெட்டுப்போச்சு, உனக்கு டாக்டர் பட்டம்.

உன் மெசினையும் போன்ல பாத்தேன். காத்தை உறிஞ்சுன பெட்டி, உள்ள துளி ஆர்கான் வாயு, கரண்டு குடுத்தா ஊதாவா வெளிச்சம். ஆர்கான் போய்ச் செம்புத் தகட்டுல முட்ட, அணு அணுவாப் பேந்து வந்து டைட்டானியத்துமேல உக்காருது. மைக்ரான் கணக்குல கனம். தலைமுடியை அறுபது எழுபது கூறு போட்டா ஒரு கூறு. அழகுதான், குறை சொல்லலை.

எதிராளியையும் லேசா நினைக்காத. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்ங்கிறவன் பத்துப் பேர்ல மூணு பேர் மூக்குல வாடகையில்லாமக் குடியிருக்கான். நூறு மூட்டு மாத்துனா ஒண்ணு ரெண்டுல சீழ் வைக்குது. உள்ள வச்ச உலோகத்தை எலும்புச் செல் முந்திப் பிடிக்குமா, கிருமி முந்துமான்னு ஓட்டப்பந்தயம்னு 1987-ல கிரிஸ்டினாங்கிற அமெரிக்க டாக்டர் எழுதி வச்சாரு. கிருமி முந்திட்டா, பசையைச் சுரந்து மேல போத்திக்கிட்டுப் படுத்துரும். ஊசி மருந்துக்கு அசையாது. வச்ச மூட்டையே கழட்டிட்டு, வாரக்கணக்காக் காத்திருந்து, மறுபடி கத்தி வைக்கணும்.

செம்பு அயனி கிருமியோட மேல்தோலைக் கிழிச்சு, உள்ள இருக்குற புரதத்துல இரும்பைத் தள்ளிட்டுத் தான் உக்காந்துக்கும்னு நீதான் சொன்ன. சரி. ஆனா அந்த அயனிக்கு ஆளடையாளம் தெரியாது பேராண்டி! கம்மியாக் கசிஞ்சா கிருமி கொட்டாவி விடும், சாஸ்தியாக் கசிஞ்சா நம்ம எலும்புச் செல்லே சாகும். சுத்தச் செம்பை அப்பாம டைட்டானியத்தோட கலந்து பூசுறீங்களே, அதான் உன் சுண்ணாம்பு. பூசத் தெரிஞ்சுட்டா ஆச்சா? எம்புட்டுக் கசியுது, எத்தனை நாளைக்குக் கசியுதுன்னு சொல்லு, அப்பக் கை தட்டுறேன்.

செம்புக்குக் கிருமி பழகவே பழகாதுன்னும் மேடையில அடிச்சுவிடாத. டென்மார்க்குல பன்னித் தீவனத்துல செம்பைக் கலந்து கலந்து, அதையும் தாங்குற எண்டரோகாக்கஸைப் பண்ணையிலயே வளத்து விட்டானுக. அப்புறம், செம்புக் குடத்துல தண்ணி குடிச்ச நம்ம பாட்டன் இதை அப்பவே கண்டுபிடிச்சான்னு முதல் படமாப் போட்டுறாத. பாட்டன் முழங்கால் வலியோடதான் போய்ச் சேந்தான்.

பேசி முடிச்சதும், பின்வரிசையில எவனாவது எந்திரிச்சு, "சுத்தியால எலும்புக்குள்ள அடிச்சு இறக்கையில உங்க பூச்சு உரியாதா? ஆறாவது மாசம், சோதனைக்கு வச்சுப் பாத்த ஆட்டோட காலுக்கு என்ன ஆச்சு?"ன்னு கேப்பான். முறைக்காத. வெளிய கூட்டிட்டுப் போய் ஒரு காப்பி வாங்கிக் குடுத்து, தோட்டம் தொரவு ஏதும் வச்சிருக்கானான்னு விசாரி.