மரத்தடி ஏட்டையாவும் கம்பத்துக் காமிராவும்

எழுபதுகளில் மாம்பலத்தில் சைக்கிளுக்கும் சட்டம் இருந்தது. இருட்டினால் விளக்கு எரிய வேண்டும், டபுள்ஸ் கூடாது. அமல்படுத்துபவர் மரத்துக்குப் பின்னால் நிற்கும் ஏட்டையா. ஹேண்டில்பாரில் கை விழுந்த பிறகுதான் அவர் நிற்பதே தெரியும்.

தண்டனை, காற்றைப் பிடுங்குவது. குனிந்து வால்வைத் திருகுவார். புஸ்ஸென்று டயர் தரையோடு படியும். வெறும் காற்றோடு போனால் பரவாயில்லை, பம்பு அடித்துக்கொள்ளலாம். வால்வையும் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அதுதான் வயிற்றெரிச்சல்.

சித்தப்பா ஒருமுறை என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு மாட்டினார். "டைனமோ இப்பத்தாங்க ரிப்பேர்."

"யாரு புள்ளடா நீ?"

"போஸ்ட் மாஸ்டர் புள்ளைங்க."

"அவரு புள்ளையா இப்படி?" என்று தலையில் அடித்துக்கொண்டவர், முன்சக்கரத்தோடு நிறுத்திக்கொண்டார். அன்றைய அப்பீல் கோர்ட்டு அவ்வளவுதான்.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 136ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மரத்தடி ஏட்டையாவின் வேலை கம்பத்துக் காமிராவுக்குப் போனது. 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதியைப் படித்தால் ஏட்டையா விழுந்து விழுந்து சிரித்திருப்பார். காமிரா இருக்கும் சாலையில், இருக்கிறது என்று முன்கூட்டியே பலகை வைக்க வேண்டுமாம்! கருவிக்கு வருஷா வருஷம் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்; குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும்; கூடவே நம்பர் பிளேட் தெரியும் படமும். ஏட்டையாவுக்கு யார் சான்றிதழ் கேட்டார்கள்? காமிரா டீச்செலவுக்குக் கேட்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? நம்பர் பிளேட்டை வானத்தைப் பார்க்க வளைத்துவிட்டார்கள்.

சித்தப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. போன மாதம் அவர் போனில் ஒரு குறுஞ்செய்தி: ஹெல்மெட் இல்லை, அபராதம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் வரை இதே குற்றத்துக்கு 100 ரூபாய்தான். படத்தைத் திறந்தோம். வண்டி அவர் வண்டிதான். விற்று நாலு வருஷம் ஆகிறது. ஓட்டுபவனுக்குத் தலை கொள்ளாத சுருட்டை முடி. சித்தப்பாவுக்கு முடி கொட்டியே இருபது வருஷம் இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரு புள்ளடா இவன்?"

காமிராவுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. ஆர்.சி. யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் அதற்குக் குற்றவாளி. வாங்கியவன் பேர் மாற்றவே இல்லை. போன் போட்டால், "பாத்துக்கலாம் பெரியவரே" என்கிறான்.

வண்டி விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பணத்தை எண்ணி முடித்த கையோடு படிவம் 29-இல் கையெழுத்துப் போட்டு, 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் நீங்களே கொடுத்துவிடுங்கள். வாங்கியவர் கொடுப்பார் என்று விட்டுவிடாதீர்கள்.