கொடுத்துச் சிவந்த வெள்ளை மாளிகை

சென்னை மாநகராட்சியைப் புகழ்வதற்குப் பஞ்சமே இல்லை. 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கிய மன்றம் அது. இந்தியாவில் அதைவிட மூத்த மாநகராட்சி கிடையாது. மூத்தவர்களுக்குரிய நிதானமும் அதற்கு உண்டு. 2016 அக்டோபரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த வாக்குப்பதிவு நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. நடுவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல், கவுன்சிலர் ஒருவர்கூட இல்லாமல், 426 சதுர கிலோமீட்டர் நகரத்தை அதிகாரிகளைக் கொண்டே நடத்திக் காட்டினார்கள். உள்ளாட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் உட்கார வேண்டும் என்று 1882இல் தீர்மானம் கொண்டுவந்தவர் ரிப்பன் பிரபு. அவர் பெயரைத் தாங்கிய மாநகராட்சி மாளிகையிலேயே இதைச் செய்து முடித்தது சாதாரணக் காரியம் அல்ல.

ஆனால் நான் வாழ்த்த வந்தது அந்த நிதானத்தை அல்ல. தூய்மைப் பணியாளர்களிடம் மாநகராட்சி காட்டிவரும் கொடைக் குணத்தை.

முதல் கொடை, புகழ்ச்சி. கொரோனா காலத்தில் நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தபோது, நோயாளி இருந்த வீட்டுக் குப்பையையும் சேர்த்து வாரியவர்கள் இவர்கள். முன்களப் பணியாளர்கள் என்ற பட்டம் அப்போது வந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகும், தெருவில் அழுகிக் கிடந்த மெத்தைகளையும் செத்த நாய்களையும் அப்புறப்படுத்தியபோது பாராட்டுக்குக் குறைவே இல்லை. எந்த மேடையிலும் இவர்களை வாழ்த்தாமல் யாரும் இறங்கியதில்லை. அந்தக் கணக்கில் மாநகராட்சி ஒரு ரூபாய்கூடப் பாக்கி வைக்கவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

இரண்டாவது, நம்பிக்கை. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் தினக்கூலியாகச் சேர்ந்த பெண்கள் பத்து ஆண்டுகளுக்கு மேலாக விடியற்காலையில் மஸ்டரில் பெயர் கொடுத்துவிட்டு வண்டி தள்ளினார்கள். பிறகு பேட்டரி வண்டி வந்தது. இன்று போனால் நாளையும் வருவார்கள் என்று மாநகராட்சி அவர்களை அவ்வளவு நம்பியது. அந்த நம்பிக்கை எவ்வளவு உறுதியானது என்றால், அதை எழுத்தில் கொடுக்க வேண்டிய அவசியமே அதற்குத் தோன்றவில்லை.

மூன்றாவது கொடைதான் பெரியது: விடுதலை. குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்கும் முயற்சியை மாநகராட்சி 2000இல் ஓனிக்ஸ் நிறுவனத்தோடு தொடங்கியது. கால் நூற்றாண்டு விடாமுயற்சி அது. லாரியில் எழுதிய பெயர் மாறியது, சீருடையின் நிறம் மாறியது, ஒப்பந்தக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். குப்பையை வாரிய கைகள் மட்டும் எந்த டெண்டரிலும் மாறவில்லை. பதினைந்து மண்டலங்களில் பெரும்பாலானவை இப்படிக் கைமாறிய பிறகு, 2025 ஜூன் மாதத் தீர்மானத்தின் வழியே ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஐந்தாம், ஆறாம் மண்டலங்களின் முறை வந்தது.

மண்டலத் தேர்வையும் பாராட்ட வேண்டும். 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தபோது அதை வளர்த்தவர்களில் ஒருவர் திரு.வி.க. அந்த ஆலை நின்றது இதே பெரம்பூர்ப் பக்கம்தான். அவர் பெயரைச் சூடிய மண்டலத்தில், சங்கமாகச் சேர்ந்து நின்ற பெண்களிடம் இனி நீங்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்று சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். மேயர் பிரியா அவர்களும் திரு.வி.க. நகரிலிருந்தே மன்றத்துக்கு வந்தவர். இந்த மாநகரத்தின் முதல் தலித் பெண் மேயர். அவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது உண்மையான பெருமை. அன்று மகிழ்ந்தவர்களில் நானும் உண்டு. துடைப்பத்தைத் தலைமுறை தலைமுறையாக எந்தச் சாதிகளின் கையில் இந்த ஊர் கொடுத்துவந்தது என்பதை அந்த மன்றத்தில் அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படியும் தீர்மானம் நிறைவேறியது. சொந்த மண்டலம், சொந்த சனம் என்ற பாசம் நிர்வாகத்துக்குக் குறுக்கே வரவில்லை.

யாருக்கும் வேலை போகாது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் கிடைக்கும் என்று அதிகாரிகள் பொறுமையாக விளக்கினார்கள். மாதம் 22,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தோம், ஒப்பந்தக்காரரிடம் போனால் 17,000கூட வராது என்று பெண்கள் கணக்குச் சொன்னார்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், வட்டிக் கடன் என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் முன்கூட்டியே பெயர் எழுதிவைத்த குடும்பங்கள் அவை. விளக்கம் மாறவில்லை. கணக்கும் மாறவில்லை.

ஆகஸ்ட் 1 அன்று அவர்கள் ரிப்பன் மாளிகையின் முன் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். கேட்டது இரண்டே: தனியாரிடம் தள்ளாதீர்கள், பணி நிரந்தரம் செய்யுங்கள். 2021 தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்த கட்சி தந்த வாக்குறுதியையும் நினைவூட்டினார்கள். பதின்மூன்று நாள் வெயில், மழை, கொசு. பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடவும் தவறவில்லை. அங்கே அமைச்சர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள், முடிவு மட்டும் முன்பே எடுக்கப்பட்டிருந்தது. நடைபாதையை அடைத்திருப்பவர்களை அப்புறப்படுத்தலாம் என்று உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 13 அன்று சொன்னது. அன்று நள்ளிரவே காரியம் முடிந்தது. ஒரு தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இந்த வேகத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நகரத்தின் அழுக்கைச் சுமந்த பெண்களைப் போலீசார் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் பேருந்தில் ஏற்றினார்கள். இரவு தங்குவதற்குத் திருமண மண்டபங்கள் தயாராக இருந்தன. அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தை மறுநாள் காலைக்குள் சுத்தமாக்கியும் விட்டார்கள்.

அதே நாள், ஆகஸ்ட் 14 அன்று, அரசும் கொடையில் கைகோத்தது. அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்குத் திட்டங்களை அறிவித்தது: தொழில்சார் நோய்களுக்குச் சிகிச்சை, பணியில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், சுயதொழிலுக்கு மானியம், பிள்ளைகளின் உயர்கல்விக்கு உதவி, வீடுகள், இலவசக் காலை உணவு. இவற்றில் ஒன்றையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எல்லாம் வேண்டியவைதான், எப்போதோ வந்திருக்க வேண்டியவை. ஆனால் அதிகாலையில் மண்டபத்தில் விழித்தவர்களுக்கு, கேட்ட இரண்டைத் தவிர மற்ற அத்தனையும் அன்றே கிடைத்தது.

சோறு போடுவதில் இந்த மாநகராட்சிக்கு ஒரு நூற்றாண்டுப் பரம்பரை இருக்கிறது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தர இதே மன்றம் ஒப்புதல் கொடுத்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மிகாமல். பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டால் அது பள்ளிக்கு வரும் என்று கண்டுபிடித்த மன்றம் அது. இப்போது அதன் ஈகை இன்னும் வளர்ந்திருக்கிறது: பசி என்றவருக்கும் உணவு, வேலைக்கு உறுதி கேட்டவருக்கும் உணவு. சொந்தச் சம்பளத்தில் தன் வீட்டு அடுப்பில் இட்லி ஊற்றிச் சாப்பிடும் சிரமத்தைக்கூட ஒரு பெண்ணுக்கு மிச்சம் வைக்க அதற்கு மனமில்லை.

இவ்வளவு கொடுத்த மன்றத்துக்கு இன்னும் ஒன்று கொடுப்பது பாரமாக இருக்காது. அதற்குப் புதுத் திட்டம் தேவையில்லை, பெயர்ப்பலகை தேவையில்லை, சமையல்கூடமும் தேவையில்லை. 200 வார்டு உறுப்பினர்களில் யாராவது ஒருவர், அடுத்த கூட்டத்தின் பொருள்பட்டியலில் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொன்னால் போதும்: ஐந்தாம், ஆறாம் மண்டலங்கள் பற்றிய 2025 ஜூன் தீர்மானம் திரும்பப் பெறப்படுகிறது, அங்கே பணிபுரிந்த தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சியின் நிரந்தரப் பணியாளர்களாக எடுத்துக்கொள்ளப்படுகிறார்கள்.